எங்க ஊர் கிரிக்கெட் கிளப்: அடிக்கடி கேட்கிற கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும்

எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், சேரன்மகாதேவியிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது. ஊர் கிளப்பில் நான் ஆட்டக்காரனாக இருந்தது கொஞ்ச நாள். ஸ்கோர் நோட்டு எழுதுகிறவனாக இருப்பதுதான் ரொம்ப நாள். நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவனிடம்தான் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். டீக்கடையில், கோயில் கொடைத் திருவிழாப் பந்தலில், பஸ் ஸ்டாண்டில், ஒரு தடவை சாவு வீட்டில்கூட. எல்லாம் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள். இனிமேல் கேட்கிறவர்களிடம் இதை நீட்டிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

"அண்ணாச்சி, கிளப்பு கிளப்புங்கிறீங்க, ஆபீஸ் எங்க இருக்கு?"

ஆபீஸ் கிடையாது. ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குள் மூன்று மட்டை, ஆறு ஸ்டம்பு, ஒரு ஜோடி கீப்பர் கையுறை, ஒரு லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு, ஸ்கோர் நோட்டு. அந்த வருடம் செயலாளராக இருப்பவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே பெட்டி இருக்கும். அவர் வீட்டம்மா பெட்டியைத் தெருவில் தூக்கி வைத்தால் அடுத்த செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆடுகிற பையன்கள் மட்டும் கிளப் இல்லை. ஆட்டத்தை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் சாயங்காலம் கரையில் வந்து உட்கார்ந்து ஃபீல்டு செட் பண்ணுகிற அண்ணாச்சிமார் உண்டு. முள்ளுக்குள் போன பந்தை எடுத்து வருவதற்கென்றே வருகிற சின்னப் பிள்ளைகள் உண்டு. சந்தா ஒழுங்காக வருவது இந்த இரண்டாவது வகையிடமிருந்துதான், மிட்டாய்க் காசில்.

"எந்த வருசம் ஆரம்பிச்சது?"

இதற்கு ஒரே பதில் சொன்னால் ஊரில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நம்ம இந்திய அணிக்காரர்கள் 183 ரன்னை வைத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளை 140-க்குச் சுருட்டினார்களே, அதற்கு அடுத்த வாரம் தென்னை மட்டையைச் சீவிக்கொண்டு இறங்கியதுதான் தொடக்கம் என்பது ஒரு கட்சி. அதற்கு முன்னாலேயே பாளையங்கோட்டை விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள் லீவுக்கு வரும்போது சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிகளும் தூய யோவான், தூய சவேரியார் கல்லூரிகளும் இந்த வட்டாரத்துப் பையன்களைப் பல தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டவை. படிப்போடு ஆட்டமும் அந்த வழியாகவே கிராமத்துக்கு வந்தது.

ஆனால் பைத்தியம் பிடித்தது ரேடியோவில்தான். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இன்றைக்கும் டோர்னமெண்டில் மைக் பிடிக்கிற யாரும் சாதாரணப் பேச்சில் பேச மாட்டார்கள். "பந்து எல்லைக்கோட்டை நோக்கி உருண்டோடுகிறது" என்றுதான் வரும். பந்து உருண்டோடியிருக்காது, எருமை மேல் பட்டு நின்றிருக்கும். 1982-ல் இலங்கை ரூபவாஹினி தொடங்கிய பிறகு உயரமான ஆன்டெனா வைத்திருந்த வீடுகளில் படமும் தெரிந்தது. புள்ளி புள்ளியாகத்தான், காற்று திரும்பினால் அதுவும் போகும்.

"எந்தப் பந்துல ஆடுதீங்க? கிரிக்கெட் பந்துல ஆடுனா என்ன?"

முதலில் சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டிச் சுற்றிய பந்து. அது பட்ட இடம் ஒரு வாரம் நீலமாக இருக்கும். பிறகு டென்னிஸ் பந்து. இப்போது ஸ்டம்பர் பால் என்று கடையில் கேட்டால் தருகிற கெட்டியான பந்து.

தோல் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை. டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். எடை மட்டும் அல்ல, தோல் பந்து என்றால் பேடு, கையுறை, ஹெல்மெட், கார்டு எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நம்பகமான பிட்ச் வேண்டும். எங்கள் பிட்ச்சில் குட் லெங்த்தில் விழுகிற பந்து ஒன்று கணுக்காலுக்கு வரும், அடுத்தது மூக்குக்கு வரும். அதில் தோல் பந்து போடுவது பகைக்குச் சமம்.

லேசான பந்துக்கு ஒரு தொல்லை உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது மேற்கிலிருந்து காற்று பிடுங்கும். டென்னிஸ் பந்தை மேற்கே பார்த்து எவ்வளவு தூக்கி அடித்தாலும் திரும்பி வந்து அடித்தவன் பக்கத்திலேயே விழும். ஸ்டம்பருக்கு மாறியதற்கு அந்தக் காற்றும் ஒரு காரணம்.

"குளத்துக்குள்ள போயி ஏன் ஆடுதீங்க? வேற இடமே கிடைக்கலியா?"

தாமிரபரணிப் பாசன ஊரில் சமமான வெற்றிடம் என்று ஒன்று சும்மா கிடக்காது. கிடந்தால் அது வயல், இல்லையென்றால் கோயில் நிலம், இல்லையென்றால் யாரோ வீடு கட்டக் கல் இறக்கிவிட்ட இடம். மிஞ்சுவது குளத்து உள்வாய்தான், அதாவது தண்ணீர் வற்றிய குளத்தின் உட்பக்கம். எங்கள் கிளப்புக்குக் காலண்டர் போடுவது செயலாளர் இல்லை, குளம்.

ஐப்பசியில் மழை பிடித்தால் கார்த்திகைக்குள் குளம் பெருகி, மிச்சத் தண்ணீர் மறுகால் பாயும். பிசானம் என்கிற மழைக்கால நெல்லுக்குத் தண்ணீர் விட்டு விட்டு மாசி, பங்குனியில் அறுப்பு முடிகிறபோது உள்வாயில் சேறு காயத் தொடங்கும். சித்திரை முதல் வாரம் பிட்ச் வேலை. அதிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை எங்கள் ராஜ்ஜியம். ஜூனில் பாபநாசம் அணையைக் கார் சாகுபடிக்குத் திறந்தால் கால்வாய்த் தண்ணீர் கொஞ்சம் குளத்துக்கும் வரும், ஆனால் நாங்கள் ஆடுகிற மேட்டுப் பக்கம் நனையாது. தண்ணீர் நிற்கும் மாதங்களில் பள்ளிக்கூட மைதானத்தில், வாத்தியார் மனநிலையைப் பொறுத்து.

பொங்கலுக்கு மற்ற ஊர்க்காரர்கள் டோர்னமெண்டு நடத்துவார்கள், நாங்கள் மட்டும் நடத்த மாட்டோம். பலர் இதை ஏதோ கௌரவப் பிரச்சினை என்று நினைத்திருக்கிறார்கள். தை மாதம் எங்கள் பிட்ச்சுக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான் விஷயம்.

மழை பொய்த்தால் கிளப்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியபோது வருடம் முழுக்க ஆட இடம் இருந்தது. ஆடத்தான் ஆள் இல்லை. வயலில் வேலை இல்லாமல் பாதிப் பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிவிட்டார்கள்.

"நான் துபாயிலருந்து பணம் அனுப்புதேன் தம்பி. ஒரு சிமெண்டு பிட்ச் போட்டுரு, அண்ணன் பேர எழுதிரு."

இந்த அண்ணன்கள் ஒருத்தர் இல்லை, வருடத்துக்கு ஒருத்தர். மனசுக்கு நன்றி. ஆனால் குளம் நீர்நிலைப் புறம்போக்கு. அதற்குள் சிமெண்டு போட்டால் ஆக்கிரமிப்பு. நீர்நிலை ஆக்கிரமிப்பில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். அந்தக் குளத்தை நம்பித்தான் உங்கள் வயலும் இருக்கிறது அண்ணே. நாங்கள் அங்கே ஆடுவது பாத்தியதையால் இல்லை, யாரும் தடுக்காததால்.

மண் பிட்ச்சே போதும், கை தெரிந்தவர் செய்தால். கரம்பை என்கிற குளத்து வண்டல் மண்ணை வெட்டி, கட்டி உடைத்து, ஆறு அங்குலம் பரப்பி, இரவு தண்ணீர் தெளித்து, காலையில் ஈரம் பாதி வற்றியதும் கல் உருளையை இழுக்க வேண்டும். முந்தி இழுத்தால் உருளையில் ஒட்டும், பிந்தினால் மண் இறுகாது. மேலே சாணிப்பால் மெழுகினால் வெடிப்பு குறையும். இந்த வித்தையை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் கிரிக்கெட்டே பார்க்காத ஒரு தாத்தா. கதிரடிக்கிற களம் அமைப்பதும் இதே வேலைதான் என்றார்.

நீளம் 22 கஜம், அதாவது 66 அடி. பல வருடமாக நாங்கள் 22 எட்டு வைத்து அளந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் கொத்தனார் டேப்பைக் கொண்டுவந்து பிடித்தால் 63 அடி கூட இல்லை. எங்கள் வேகப்பந்து வீச்சாளர்களின் புகழில் கொஞ்சத்தை அன்றைக்குக் குறைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. ஒருத்தர், பத்தமடை பக்கத்தில்தானே இருக்கிறது, பாய் வாங்கி விரித்தால் என்ன என்று கேட்டார். கிரிக்கெட்டுக்கு விரிப்பது கயிற்றுப் பாய். பத்தமடைக் கோரைப் பாயில் மாப்பிள்ளையைத்தான் உட்கார வைக்கலாம்.

"டோர்னமெண்டு நடத்தி எவ்வளவு சம்பாதிச்சிய?"

கோயில் கொடையை ஒட்டி வைகாசியில் நடத்துகிறோம். கணக்கு இப்படி: 32 அணி வந்தால், தோற்றவர் வெளியே என்ற முறையில் 31 ஆட்டம். ஆட்டத்துக்கு ஓர் அணி தோற்றுப் போகிறது, 31 அணி தோற்றால்தான் கோப்பைக்கு ஆள் தெரியும். பக்கத்துக்கு எட்டு ஓவர் என்றால் இருட்டுவதற்குள் ஒரு நாளில் ஆறு ஆட்டம் முடிக்கலாம். ஆறு நாள் ஆகிவிடும். ஆறு நாளைக்கு மைக் செட், பந்தல், தண்ணீர் கேன், அம்பயருக்குச் சாப்பாடு, ஆட்டத்துக்கு ஒரு புதுப் பந்து.

நுழைவுக் கட்டணம் இதற்கே சரியாகப் போகும். பரிசுப் பணம் ஊரில் பெரியவர்கள் தருவது: அப்பா நினைவாக, தாத்தா நினைவாக. சுழற்கோப்பை ஒன்று உண்டு, மூன்று தடவை தொடர்ந்து வென்றால் வைத்துக்கொள்ளலாம். இரண்டு தடவை வென்ற அணியை மூன்றாவது வருடம் எல்லோரும் சேர்ந்து தோற்கடித்துவிடுவார்கள், அதனால் கோப்பை இன்னும் பத்திரமாகச் சுழல்கிறது. மிச்சம் என்று ஒன்று வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் மட்டை வாங்கினோம்.

"ஏலே, நம்ம ஊர்ப் பயல வெளிய உக்கார வச்சிட்டு வெளியூர்க்காரன எறக்குனியளே, அது நியாயமா?"

நியாயம் இல்லை. செய்திருக்கிறோம். பரிசுத் தொகை ஏறியதும் எல்லா ஊரும் ஆள் கூப்பிடத் தொடங்கியது. சனிக்கிழமை ஓர் ஊருக்கு, ஞாயிற்றுக்கிழமை இன்னோர் ஊருக்கு என்று ஜெர்சி மாற்றி ஆடுகிற பையன்கள் இந்தப் பக்கம் நிறைய. பஸ் காசு, சாப்பாடு, ஜெயித்தால் பங்கு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆட்டம்தான் அவர்களுக்குத் தெரிந்த தொழில்.

ஒரு இறுதி ஆட்டத்தில் நான்கு வெளியூர் ஆட்களை இறக்கினோம், ஜெயித்தோம். மாலை போட ஊர்க்காரர்கள் மேடைக்கு வந்தபோது யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று எழுதினோம். ஒருத்தரும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஓட்டில் தோற்றேன்.

"பந்தே போடாம எதிர்ல நின்னவன அவுட் எடுத்தாங்களே, அது கள்ள ஆட்டம்தான?"

இதற்காக ஒரு தடவை ஆட்டமே நின்றுபோனது. 1947-ல் சிட்னியில் வினூ மன்கட், ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி எடுத்தார், அவர் பேரே அதற்கு ஒட்டிக்கொண்டது. 2019-ல் ஜெய்ப்பூரில் நம்ம அஸ்வின் ஜோஸ் பட்லரை எடுத்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கிரிக்கெட் விதிகளை எழுதுகிற லண்டன் எம்.சி.சி. கிளப், 2022 அக்டோபர் முதல் தன் விதிப் புத்தகத்தில் இதை முறையற்ற ஆட்டம் என்ற 41-ம் விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட் என்ற 38-ம் விதிக்குள் வைத்துவிட்டார்கள். எச்சரிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. பந்து கையை விட்டுப் போக வேண்டிய நேரத்துக்குள் கோட்டை விட்டு நகர்ந்தவனை, வீசுகிறவன் ஸ்டம்பைத் தட்டி அவுட் எடுக்கலாம்.

எங்கள் டோர்னமெண்டில் ஒரு தடவை எச்சரிக்கை என்று வைத்திருக்கிறோம். அது விதி அல்ல, அடிதடி வராமல் இருக்க. அதேபோல ஸ்டம்புக்கு வரும் பந்தைக் கால் மறித்தால் கொடுக்கிற எல்.பி. அவுட் கிடையாது, ஏனென்றால் அம்பயர் ஊருக்குள் குடியிருக்க வேண்டும். மாங்கா எறிகிறவனை, அதாவது கையை மடக்கிப் பந்தை எறிகிறவனை மட்டும் முதல் ஓவரிலேயே நிறுத்திவிடுவோம்.

"இது எந்தத் தெருக்காரங்க கிளப்பு?"

வெளியூரிலிருந்து டோர்னமெண்டுக்குப் பேர் கொடுக்கிறவர்கள் போனில் மெதுவாகக் கேட்கிற கேள்வி. தெரு என்றால் என்ன அர்த்தம் என்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் இது ஒரு தெரு டீம். குளத்தின் அந்தக் கோடியில் இன்னொரு தெரு டீம் ஆடியது. இரண்டும் கொள்கையால் ஒன்று சேர்ந்தன என்று எழுத ஆசைதான், ஆனால் பொய். வேலைக்கு ஆட்கள் வெளியே போகப் போக இரண்டு பக்கமும் பதினொன்று தேறவில்லை. அங்கே ஒரு நல்ல கீப்பர், இங்கே இரண்டு பந்து வீச்சாளர். அப்படிச் சேர்ந்தோம். சேர்ந்த பிறகுதான் கொள்கை வந்தது, அதுவும் மெதுவாக.

ஜெர்சி நிறத்துக்கு மூன்று கூட்டம் போட்டோம். இந்தப் பக்கத்தில் எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் அது யாரோ ஒருவரின் கொடிக் கம்பத்தில் இருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் நிறக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று சொன்னது. எங்கள் பையன்களிடம் கயிற்றைக் கழற்றிவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும் என்று நாங்கள் சொன்னபோது இரண்டு பேர் ஆட்டத்தை விட்டார்கள். ஒருத்தன் திரும்பி வந்தான். ஜெர்சி சாம்பல் நிறம். பார்க்க நன்றாக இல்லை, துவைக்காத மாதிரி இருக்கும். யாருடைய நிறமும் இல்லை.

"எம் மவன் படிப்பக் கெடுத்துட்டியளே. இதுல வேலை கெடைக்குமா?"

அக்கா, கிடைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2016-ல் டி.என்.பி.எல். என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்ததும் தாழையூத்து சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் விளக்குப் போட்டு ஆட்டம் நடந்தது. அதே வருடம் தூத்துக்குடி பேர் தாங்கிய அணி கோப்பையும் வாங்கியது. அதிலிருந்து இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையன் முழங்கை உயர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறான்.

ஆனால் அந்தப் பாதை வேறு. அது தோல் பந்துப் பாதை. மாவட்டச் சங்கத்தின் லீக், 14, 16, 19 வயதுக்கு உட்பட்டோர் தேர்வு, அங்கிருந்து மாநிலம். வயதுச் சான்றிதழ் ஒழுங்காக இருக்க வேண்டும். 16 வயதுப் பிரிவில் பி.சி.சி.ஐ. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதையே பார்க்கும். பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வருடம் கூட்டிக் குறைத்துச் சொன்ன பழக்கம் அங்கே செல்லாது. பையனுக்கு நிஜமாகவே கை இருந்தால் 13 வயதிலேயே பாளையங்கோட்டையில் பயிற்சிக்குச் சேர்க்க வேண்டும். ஸ்டம்பர் பாலில் வருடக்கணக்காகக் குறுக்கு மட்டை வீசிப் பழகியவனுக்குத் தோல் பந்தில் நேர் மட்டை வராது. எங்கள் கிளப் அவனைக் கெடுப்பது படிப்பில் அல்ல, இதில்தான்.

"பொம்பளப் பிள்ளைய ஆடலாமா?"

தடை இல்லை என்று சொல்வது சுலபம். இதுவரை யாரும் ஆடவில்லை. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பை வாங்கியதை ஊரே உட்கார்ந்து பார்த்தது. மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பந்து வீசியதைப் பார்த்தேன், எங்கள் மூன்றாவது வீச்சாளரைவிட நேராக வந்தது. குளத்து உள்வாய்க்கு அவளை அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள். சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தால் நானும் யோசிப்பேன்.

"கிளப்ப ரிஜிஸ்தர் பண்ணிட்டா அரசாங்கப் பணம் வருமாமே?"

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். பிறகு வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பதிவதால் மட்டும் பணம் கொட்டாது, வங்கிக் கணக்கு தொடங்கலாம், நன்கொடைக்கு ரசீது தரலாம். 2024-ல் ஊராட்சிகளுக்கு வந்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சிக்குத்தான், கிளப்புக்கு அல்ல. எழுதிக் கேட்டு வாங்கி ஆடலாம். ஏழு கையெழுத்து எங்களிடம் தயார். வருடா வருடம் கணக்கு கொடுக்க ஒரு ஆள்தான் தயாராக இல்லை, என்னைப் பார்க்காதீர்கள்.

"பழைய நோட்டெல்லாம் வெள்ளத்துல போச்சாம்லா. அப்போ மாமா நூறு அடிச்சது நெசமா?"

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழையில் ஆறும் கால்வாயும் குளமும் ஒன்றாகி ஊருக்குள் வந்தன. அப்போது பெட்டி இருந்த வீட்டில் முழங்கால் தண்ணீர். மட்டைகள் ஊறிப் பிளந்தன, உருளை சேற்றில் புதைந்து சித்திரையில்தான் தலை தெரிந்தது. பழைய ஐந்து நோட்டில் மூன்று கூழாகிவிட்டன. மீதி இரண்டைத் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் காய வைத்தேன், பென்சிலில் எழுதியது மட்டும் மிஞ்சியது. அதனால் இப்போது பென்சில்தான்.

மாமாவின் நூறு கூழான நோட்டில் இருந்ததாக மாமா சொல்கிறார். எந்த வருடம் என்று கேட்டேன். "தொண்ணூத்திரெண்டு பெருவெள்ளம் வந்துச்சுல்லா, அதுக்கு அடுத்த வாரம்" என்றார். தாமிரபரணி 1992 நவம்பரில் பெருகியது. அடுத்த வாரம் குளம் எப்படி இருந்திருக்கும் என்பதை மேலே காலண்டர் பற்றிய பதிலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதை மாமாவிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது வெளியூர் மேட்ச்சு வே" என்றார். எந்த ஊர் என்று இன்னும் சொல்லவில்லை.